நாற்பது கணினிக்கு ஒரே அச்சு: பிணையவழி நிறுவலும் அட்மின் உரிமையும்

விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றிப் பொம்மை எடுப்பவர்களுக்குத் தாய் அச்சுதான் உயிர். அதில் மயிரிழைக் கோடு ஒன்று விழுந்தால், அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு அச்சிலும் ஒவ்வொரு பொம்மையிலும் அந்தக் கோடு இருக்கும். கணினி ஆய்வகங்களில் வழக்கமாகிவிட்ட பிணையவழி நிறுவலின் பலமும் பலவீனமும் இதேதான். ஒரு கணினியில் இயங்குதளத்தையும் தேவையான மென்பொருள்களையும் அமைத்து, அதை ‘இமேஜ்’ ஆகப் படியெடுத்து சர்வரில் வைத்துவிட்டால், மற்ற கணினிகள் கேபிள் வழியே அதை இறக்கிக்கொள்ளும். பென் டிரைவோடு மேசை மேசையாக அலைய வேண்டியதில்லை.

இந்த வேலை இப்போது எல்லா ஊர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் என்று திட்டம் போடப்பட்டது. கல்லூரி, பாலிடெக்னிக் ஆய்வகங்கள் இதில் சேராதவை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு உள்பட விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் உள்ள கணினிகள் அதற்குப் போகலாம். மற்றவற்றுக்கு சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ்தான் நல்ல வழி. எதைத் தேர்ந்தாலும் பெரும்பாலும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

பிணையவழி நிறுவலின் நன்மையை ஒரு கணக்கில் காட்டலாம். இமேஜ் 20 ஜிபி, கணினிகள் 40, பழைய 100 எம்பிபிஎஸ் சுவிட்ச். ஒரு கணினிக்குக் குறைந்தது 27 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுப்பினால் மொத்தம் 18 மணி நேரத்தை நெருங்கும். மல்டிகாஸ்ட் முறையில் ஒரே ஒலிபரப்பை நாற்பதும் சேர்ந்து வாங்கிக்கொள்வதால் ஏறக்குறைய ஒரு கணினிக்கான நேரத்திலேயே வேலை முடியும். ஆனால் கூட்டத்தில் ஒரு பழைய கணினி மெதுவாக இருந்தால், எல்லாமே அதன் வேகத்துக்கு இறங்கும். பாதியில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மெதுவான கணினிகளைத் தனிக் குழுவாகப் பிரிப்பதும், சர்வரோடு சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் இணைப்பதும் சிறிய காரியங்கள்தான். பல இடங்களில் சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் இருக்கிறது, சுவிட்சுக்கு இல்லை.

இன்னொரு நன்மையை நான் நேரத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன். தமிழ் 99 விசைப்பலகையையும் ஒருங்குறி எழுத்துருக்களையும் இமேஜிலேயே சேர்த்துவிட்டால், எந்த மேசையில் உட்காரும் மாணவியும் முதல் நாளிலிருந்தே தமிழில் தட்டச்சு செய்ய முடியும். தமிழ் 99-ஐ அரசு 1999-லேயே தரமாக ஏற்றது. ஒருங்குறிக்கு 2010-இல் ஆணை வந்தது. இத்தனைக்குப் பிறகும் இமேஜ் தயாரித்தவர் அதை மறந்துவிட்டால், நாற்பது கணினியிலும் தமிழ்த் தட்டச்சு தயாராக இருக்காது. தமிழ் எழுதியை நிறுவப் போனால் திரை அட்மின் கடவுச்சொல் கேட்கும்.

இனிப் பழுதுகள். பிஎக்ஸ்இ என்னும் பிணையத் தொடக்க முறையை இன்டெல் வகுத்தது. இன்றும் புழங்குவது 1999-இல் வந்த 2.1 பதிப்பு. கணினி எழுந்ததும் டிஎச்சிபி வழியே ஒரு முகவரியையும், எந்தக் கோப்பில் தொடங்குவது என்ற தகவலையும் கேட்கிறது. பிறகு டிஎஃப்டிபி வழியே அந்தக் கோப்பை இறக்குகிறது. இந்த வரிசையை நினைவில் வைத்திருந்தால் திரையில் வரும் பிழை எண்ணே பாதி விடை சொல்லிவிடும். இ61 என்றால் கேபிளையோ போர்ட்டையோ பார்க்க வேண்டும். இ51 என்றால் டிஎச்சிபியிடமிருந்து பதிலே வரவில்லை. இ53 என்றால் முகவரி கிடைத்தது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. இ32 என்றால் பெயர் தெரிந்தும் டிஎஃப்டிபி பதில் தரவில்லை. பெரும்பாலும் ஃபயர்வால் 69-ஆம் போர்ட்டை மறித்திருக்கும்.

இவற்றில் அதிகம் ஏமாற்றுவது இ53. வைஃபைக்காக யாரோ ஒரு வீட்டு ரவுட்டரை ஆய்வக சுவிட்சில் செருகியிருப்பார்கள். அதுவும் முகவரி வழங்கும், ஆனால் தொடக்கக் கோப்பு பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எந்தப் பதில் முந்துகிறதோ அதைப் பொறுத்து இன்று பத்துக் கணினி எழும், நாளை முப்பது எழும். பிணையத்தில் சுற்றுப்பாதை உருவாகாமல் தடுக்கும் சுவிட்சின் ஸ்பானிங் ட்ரீ அமைப்பும் இப்படித்தான்: போர்ட் திறக்க 30 விநாடி எடுத்துக்கொள்ளும், அதற்குள் கணினி காத்திருந்து ஓய்ந்துவிடும். சர்வரில் பிழையே இருக்காது, பழி மட்டும் சர்வர் மேல் விழும். டிஎச்சிபியும் விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீசஸும் ஒரே சர்வரில் இருந்தால் இரண்டும் 67-ஆம் போர்ட்டுக்குப் போட்டியிடும். டிப்ளாய்மென்ட் சர்வீசஸ் 67-ஐக் கேட்காதபடி அமைத்து, டிஎச்சிபியில் 60-ஆம் விருப்பத்தையும் குறித்து அதைத் தீர்க்க வேண்டும். இவை எல்லாம் ஊரிலேயே கற்றுத் தீர்க்கக்கூடியவை. கணினி அறிவியல் படிக்கும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவருக்கு இந்த வரிசையைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

பிஎக்ஸ்இ-யின் அடிப்படைக் குறை வேறு. முதலில் பதில் சொல்பவர் யாரென்று அது கேட்பதில்லை. நம்பிக்கையான உள்வலையை மனத்தில் வைத்து வகுத்த முறையை, எவரும் கேபிள் செருகக்கூடிய ஆய்வகத்தில் ஓட்டுகிறோம். நிறுவல் பணிக்கென்று தனி விலான் (சுவிட்சுக்குள் பிரித்த தனி வலை) ஒதுக்கி, வேலை முடிந்ததும் சேவையை நிறுத்திவைப்பது கட்டாயம் என்றே கருதுகிறேன்.

ஆனால் ஆய்வகங்களை நீண்ட நாள் முடக்குவது கேபிளோ போர்ட்டோ அல்ல, உரிமைதான். கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ‘டொமைன்’ என்ற ஒரே குடையில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் சாதாரணப் பயனர் ஒருவர், மாற்றப்படாத அமைப்பில், 10 கணினிகளை மட்டுமே டொமைனில் சேர்க்கலாம். பதினொன்றாவது கணினியை டொமைன் ஏற்காது. அப்போது அவசரத்தில் செய்வது ஒன்றுதான்: நிறுவல் கணக்குக்கு டொமைன் அட்மின் உரிமையைத் தூக்கிக் கொடுப்பது. வேலை ஓடிவிடும். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லோ தானியங்கி விடைக் கோப்பில், எளிதில் பிரித்துப் படிக்கும்படி கிடக்கும். பகிர்கோப்புறையைத் திறக்கத் தெரிந்த எவரும் நிறுவனம் முழுவதற்கும் எஜமானர் ஆகலாம். ஆய்வகக் கணினிகளுக்கு ஒரு தனிப் பிரிவு உருவாக்கி, அதற்குள் கணினிகளைச் சேர்க்கவும் அவற்றின் கணக்கை மீட்டமைக்கவும் மட்டும் அந்தக் கணக்குக்கு உரிமை கொடுப்பதே சரியான வழி. அரை மணி நேரம்கூட ஆகாத இந்த வேலையைத் தவிர்ப்பதற்கு எந்தச் சமாதானமும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. எல்லாக் கணினிக்கும் ஒரே உள்ளக அட்மின் கடவுச்சொல் வைப்பதும் இதே ரகம். 2023 ஏப்ரல் முதல் விண்டோஸுடனே வரும் லாப்ஸ் வசதி கணினிக்கு ஒரு கடவுச்சொல்லைத் தானே மாற்றிப் பராமரிக்கும்.

2022 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் இன்னொரு கதவையும் இறுக்கியது. ஏற்கெனவே டொமைனில் உள்ள பெயரில் ஒரு கணினியை மீண்டும் சேர்க்க வேண்டுமானால், அந்தப் பெயரை உருவாக்கியது சேர்ப்பவரின் கணக்காகவோ, டொமைன் அட்மின் கணக்காகவோ, கொள்கைப்படி நம்பப்பட்ட கணக்காகவோ இருக்க வேண்டும். பாதுகாப்புக்கு இது நல்ல மாற்றம். சிறிய ஊர்களில் இதன் விளைவு வேறு. ஆய்வகத்தை முதலில் அமைத்தவர் ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர். கணினிகளைச் சேர்த்தது அவருடைய கணக்கு. ஒப்பந்தம் முடிந்து அவர் போய்விட்டார். பழைய பெயரில் மறுநிறுவல் செய்தால் டொமைன் மறுக்கிறது. காரணம் தெரியாமல் இமேஜைத் திரும்பத் திரும்பப் புதிதாக எடுக்கிறார்கள். கோளாறு இமேஜில் இல்லை, கணக்கின் உடைமையில் இருக்கிறது.

லினக்ஸ் பக்கம் போனால் இந்தத் தொல்லை நீங்கிவிடும் என்பவர்களோடு நான் பாதி உடன்படுகிறேன். ஃபாக், குளோன்ஜில்லா போன்ற கட்டற்ற கருவிகளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. சாதாரணப் பயனருக்கு அட்மின் உரிமை தரும் சூடோவைக் குறிப்பிட்ட கட்டளைகளுக்கு மட்டும் என்று நறுக்காக வரையறுக்கலாம். ஆனால் உச்ச உரிமை கொண்ட ரூட் கணக்கின் கடவுச்சொல் சென்னையில் ஒருவரிடம் இருந்தால், கட்டற்ற மென்பொருளாலும் விருத்தாசலத்து ஆய்வகத்துக்குப் பயனில்லை.

உரிமையை ஊரில் கொடுத்தால் யாராவது கெடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் அதிகாரிகளுக்கு உண்டு. பொய்யான அச்சம் என்று அதைத் தள்ள மாட்டேன். டொமைன் அட்மினை எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லவும் இல்லை. ஆய்வகப் பொறுப்பாளருக்குத் தன் பிரிவில் கணினியைச் சேர்க்க, இமேஜைப் புதுப்பிக்க, டிஎச்சிபி பதிவேட்டைப் படிக்க உரிமை வேண்டும். உச்ச உரிமையின் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் நிறுவனத் தலைவரின் பீரோவில் இருக்கட்டும். டெண்டரில் இதை எழுதிவிடலாம்: கணினிக் கணக்குகளின் உடைமையை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி, ஒரு கணினியை அழித்து ஊர்ப் பணியாளரின் கையாலேயே மறுபடி நிறுவச் செய்து காட்டிய பிறகே கடைசித் தவணைப் பணம்.