சிறகு விரித்த கூகையும் வலையில் தொங்கிய வல்லூறும்

வேட்டைப் பறவைகளின் ஒளிப்படங்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை விரைவில் புலப்படும். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே படந்தான். கழுகாயினும் வல்லூறாயினும் பருந்தாயினும், பறவை நம்மை நோக்கி இறங்குகிறது; நகங்கள் முன்னே நீண்டிருக்கின்றன; கண் நம்மைத் துளைக்கிறது; பின்னால் ஏதுமற்ற நீலம் அல்லது மங்கிய பச்சை. அது எந்த ஊர் வானில் பறந்தது, எதைத் தேடிப் பறந்தது, அதன் கூடு எங்கே என்னும் வினாக்களுக்கு அங்கே இடமில்லை. வீரத்தின் சின்னம் எனக் கண்டு மகிழ்ந்து, நாமும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இத்தகைய படங்களின் அழகை நாம் மறுக்க வரவில்லை. ஆனால் அந்த அழகு எங்கிருந்து வந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்பது திறனாய்வின் கடமை எனக் கருதுகிறோம்.

இம்மரபின் முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்து நாட்டவரான எரிக் ஹாஸ்கிங் (1909–1991). 1948ஆம் ஆண்டில் அவர் எடுத்த கூகைப் படம் ஒன்று பறவைப் படக்கலையின் வரலாற்றில் நிலைபெற்றுவிட்டது. கரிய இரவினின்று வெண்ணிறக் கூகையொன்று சிறகுகளை உயர்த்தி விரித்தவாறு வெளிப்படுகிறது. அலகில் வயல் எலியொன்று தொங்குகிறது. சிறகுகள் இருபுறமும் ஒத்து விரிந்திருப்பதால், பிரபுக்களின் கேடயங்களில் பொறிக்கப்படும் இலச்சினைப் பறவையை அது நினைவூட்டுகிறது. ஆங்கிலேயர் அப்படத்தை அழைக்கும் பெயரும் 'இலச்சினைக் கூகை' என்னும் பொருள்படுவதே.

இப்படத்தை ஆழ்ந்து நோக்கினால் இரண்டு செய்திகள் தெளிவாகும். முதலாவது, அதன் இருள். இருட்டில் பறக்கும் பறவையை அசைவின்றிப் பதிவுசெய்ய, நொடியில் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைந்த நேரமே ஒளிரும் மின்னணு ஃபிளாஷ் விளக்கு தேவைப்பட்டது. 1940களில் அது புதுமை. ஹாஸ்கிங் அதனைப் பறவைகளுக்குப் பயன்படுத்திய முதல்வர்களுள் ஒருவர். அவ்விளக்கின் ஒளி அருகிலுள்ள பறவையின்மேல் மட்டுமே விழும். வயலையும் மரங்களையும் எட்டாது. ஆகவே கூகையைச் சூழ்ந்த கருமை கலைஞர் தேர்ந்த அழகு என்பதைவிடக் கருவியின் எல்லை என்பதே பொருந்தும். பின்வந்தவர்கள் அவ்வெல்லையையே இலக்கணமாக ஏற்றுக்கொண்டார்கள் என்பது நம் துணிபு. இன்றைய நீண்ட லென்ஸுகள் பட்டப்பகலிலும் சூழலை மங்கச்செய்து பறவையைத் தனிமைப்படுத்துகின்றன. அன்று வேறு வழியின்றி நேர்ந்தது இன்று விரும்பியே செய்யப்படுகிறது.

இரண்டாவது, அந்த வயல் எலி. கூகை இரையை நகத்தால் பற்றும். குஞ்சுகளுக்கென்று கொண்டுவரும்போது கூட்டை நெருங்குகையில் அதனை அலகுக்கு மாற்றிக்கொள்வது அதன் வழக்கம். அலகில் எலியைத் தாங்கி வரும் அப்பறவையை வெற்றிவீரனாகக் காண்பதைவிட, பசித்த பிள்ளைகளுக்கு இரவு உணவு கொண்டுவரும் பெற்றோராகக் காண்பதே முறை. இலச்சினை என்று பெயரிட்டவர்கள் சிறகைக் கண்டார்கள். எலியைக் காணவில்லை போலும்.

ஹாஸ்கிங்கை இதற்காகக் குறைகூறுவது நேர்மையாகாது. பறவைக்கு அவர் கொடுத்த விலையை நாம் அறிவோம். 1937ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் பழுப்பு நிற ஆந்தையொன்றின் கூட்டருகே அவர் மறைப்புக் கூண்டு அமைத்திருந்தார். ஓர் இரவு அக்கூண்டுக்கு ஏறுகையில், தன் குஞ்சுகளைக் காக்க முனைந்த ஆந்தை ஓசையின்றிப் பாய்ந்து அவருடைய இடக்கண்ணில் நகத்தைப் பாய்ச்சிற்று. ஆந்தையின் இறகு ஓரங்கள் மென்மையானவை. பாய்ந்து வருவது காதுக்கு எட்டாது. கண்ணில் சீழ் பிடித்தது. மற்றக் கண்ணையும் இழக்க நேரிடலாம் என்ற நிலையில் அக்கண் அகற்றப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. தொழிலோ கண்ணை நம்பிய தொழில். ஆயினும் அவர் ஆந்தைகளைத் தேடிச் செல்வதை நிறுத்தவில்லை. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் ஒற்றைக் கண்ணோடு படமெடுத்தார்.

1970இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கு 'ஒரு பறவைக்காக ஒரு கண்' எனப் பொருள்படும் தலைப்பையும் இட்டார். கண்ணுக்கு ஈடாகக் கண்ணையே கேட்ட பழைய நீதியை விடுதலைப் பயண நூலில் படித்திருக்கும் நம் வாசகர்க்கு, அத்தலைப்பின் நயத்தை விளக்க வேண்டுவதில்லை. பழிக்குரிய சொற்களைக் கொண்டு பழியற்ற ஒரு தலைப்பை அவர் ஆக்கிவிட்டார்.

ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆந்தை ஏன் பாய்ந்தது? கூட்டருகே மனிதர் வந்ததனால். அக்காலத்துப் படக்கலை கூட்டைச் சார்ந்தே நின்றது. மறைப்புக் கூண்டை நாள்தோறும் சிறிது சிறிதாக நெருக்குவர். இருவராக உள்ளே சென்று ஒருவர் மட்டும் வெளியேறுவர். எண்ணத் தெரியாத பறவை, ஆள் போய்விட்டார் என நம்பித் திரும்பும். தந்திரம் சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றினாலும், பறவை அஞ்சிக் கூட்டைக் கைவிட்டால் குஞ்சுகள் குளிரிலும் பசியிலும் மடியும். திறமையுடையோர் பொறுமையால் இதனைத் தவிர்த்தனர். அவர்களைப் பின்பற்றிய பலருக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டம், கூகை, பொன்கழுகு முதலிய பறவைகளைக் கூட்டருகே தொந்தரவு செய்வதைக் குற்றமாக்கியுள்ளது. அங்கே படமெடுக்க உரிமம் வேண்டும். நம் நாட்டிலும் கூட்டுப் படங்களை ஏற்க மறுக்கும் போட்டிகள் உள்ளன. இது நல்ல மாற்றம். ஆனால் ஆசை வேறு வழி தேடிக்கொண்டது. வட அமெரிக்காவில் பனிக்காலத்தில் ஆந்தைகளின்முன் உயிருள்ள எலிகளை விட்டு, அவை பாயும் கணத்தைப் படமெடுப்பார் உண்டு. நகம் நீண்டு, கண் துளைக்கும் அதே படம்! இரை மட்டும் கடையில் வாங்கியது.

யோபு நூலின் 39ஆம் அதிகாரத்தில் இறைவன் யோபிடம் தொடுக்கும் வினாக்களுள், தெற்கு நோக்கிச் சிறகு விரிக்கும் வல்லூறும் பாறை உச்சியில் குடியிருக்கும் கழுகும் இடம்பெறுகின்றன. அப்பறவைகள் யோபின் அறிவாலோ ஆணையாலோ பறப்பவை அல்ல என்பதே அங்கு உணர்த்தப்படுகிறது. எலியை வீசிப் பறவையை வரவழைப்பவர், அவ்வினாவுக்கு 'ஆம், என் ஆணையால்தான்' என விடையிறுக்க முயல்கிறார் என்று நமக்குத் தோன்றுகிறது.

தெற்கு நோக்கிச் சிறகு விரிக்கும் வல்லூறு என்றதும், நம் நாட்டின் வழியே ஆண்டுதோறும் அவ்வாறே செல்லும் ஒரு பறவை நினைவுக்கு வருகிறது. அமூர் வல்லூறு ஏறத்தாழ 150 கிராம் எடையே உடையது. வடகிழக்கு ஆசியாவில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தென் ஆப்பிரிக்கப் பகுதிக்குச் செல்கிறது. இடையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில், டோயாங் நீர்த்தேக்கத்தின் கரையில் பெருங்கூட்டமாகத் தங்குகிறது. 2012ஆம் ஆண்டு அக்டோபரில் இயற்கை ஆர்வலர் சிலர் அங்கிருந்து கொணர்ந்த படங்கள் உலகை உலுக்கின. மரங்களுக்கிடையே கட்டிய மீன்வலைகளில் வல்லூறுகள் தலைகீழாகத் தொங்கின. உயிருள்ளவை கொசுவலைகளுக்குள் அடைக்கப்பட்டிருந்தன. இறகு பறிக்கப்பட்டவை புகைமூட்டத்தில் வாடின. மனிதர் கொத்துக்கொத்தாகச் சுமந்து சென்றனர். நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 பறவைகள் பிடிபட்டன என்பது அவர்கள் கணிப்பு.

இப்படங்களைக் கலைத்தரத்தில் ஹாஸ்கிங்கின் கூகையோடு ஒப்பிட யாரும் துணியார். ஒளியழகோ நேர்த்தியோ தேடி எடுக்கப்பட்டவை அல்ல அவை. ஆனால் அழகிய படங்கள் விட்டுவிட்ட அனைத்தும் இவற்றில் உள்ளன: இடம், காலம், மனிதர், சந்தை. வேட்டைப் பறவையின் நகம் இங்கே வலைக்கண்ணில் சிக்கியிருக்கிறது. யாரையும் அது அச்சுறுத்தவில்லை.

இவற்றின்மீதும் நமக்கு ஒரு குறை உண்டு. ஓர் ஏழைச் சிற்றூரை அதன் இழிவான நாளில் மட்டும் உலகம் கண்டது. நீர்த்தேக்கத்தில் விளைநிலங்களை இழந்து மீன்பிடிக்கும் நிலைக்கு வந்த மக்களுக்கு, வானிலிருந்து இறங்கிய பறவைக் கூட்டம் வருவாயாகத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த வரலாறு வலைப் படத்துக்குள் அடங்கவில்லை. அதனை அறியாதோர் அம்மக்களைக் கொடியவர் எனத் தூற்றினர்.

அவர்கள் அளித்த மறுமொழியோ விரைவானது. ஊரார் கூடிப் பேசினர்; ஆலயங்களிலும் பறவைகளைக் காக்கும்படி எடுத்துரைக்கப்பட்டது; வலை கட்டியவர்களே காவலராயினர். 2013ஆம் ஆண்டுப் பருவத்தில் அங்கே வலைவேட்டை நடைபெறவில்லை. அதே நவம்பரில் மூன்று வல்லூறுகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பறக்கவிட்டனர். அவற்றுக்கு நாகா, வோக்கா, பாங்ட்டி என்று பெயர். மூன்றாவது பெயர், முந்திய ஆண்டு உலகம் பழித்த அந்த ஊரின் பெயர். நாட்டைக் கடந்து அரபிக்கடலின்மேல் ஓய்வின்றிப் பறந்து அவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தன.

இப்போது பாங்ட்டிக்கு ஆண்டுதோறும் கேமராவோடு பலர் செல்கிறார்கள். அவர்கள் கொணரும் படங்களுள் நகமும் கண்ணும் துலங்கும் நெருக்கப் படங்களே மிகுதி. அவை எங்கும் எடுக்கத்தக்கவை. நாம் விரும்புவது வேறொரு வகை. அந்தி வானம், கீழே மலைமுகடு, நடுவே எண்ணிலடங்காக் கரும்புள்ளிகள். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு வல்லூறு. எந்தப் பறவையின் கண்ணும் அதில் தெரிவதில்லை. எந்தப் பறவையும் நம்மைப் பார்ப்பதில்லை. நம் பங்கு நூலகச் சுவரில் இடமிருந்தால், ஹாஸ்கிங்கின் கூகைக்கு அருகில் அதனை மாட்டலாம்.