இடுப்பில் ஒரு பித்தான்

களக்காட்டு ஏத்தன் வாழைத் தோப்புக்குள் இலைப்புள்ளிக்கு மருந்தடிக்கிறவருக்கும் வரப்பில் உறுமும் பவர் ஸ்பிரேயருக்கும் நடுவே நூறு மீட்டர் ஓஸ் கிடக்கும். "அண்ணாச்சி, நிறுத்துங்க!" என்ற கூச்சல் எஞ்சின் சத்தத்தில் கரைந்துபோகும். ஓஸ் பிய்ந்துகொண்டால், ஓடிப்போய் அணைப்பதற்குள் மருந்து மண்ணுக்கு. ஸ்பிரே கன்னை மூடினாலோ, பம்பு மருந்தை டிரம்முக்கே திருப்பும். பெட்ரோல் சும்மா எரியும்.

இப்போது இடுப்பில் சாவிக்கொத்து அளவில் ஒரு ரிமோட். அமுக்கினால், பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில், ரேடியோ அலை போகும். எஞ்சினோடு மாட்டிய பெட்டிக்குள் ரிலே தட்டும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் அறும். அவ்வளவுதான் வித்தை. ட்ரோன் பகட்டு இல்லை, இருக்கிற எஞ்சினை மாற்றவும் வேண்டாம். இந்தச் சிக்கனம்தான் எனக்குப் பிடித்தது. கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சினுக்கு மறுபடி கயிறுதான். மின்மோட்டார் என்றால் ஓடவிடவும் பித்தானே போதும்.

ஆனால் ஈர வாழையிலை ரேடியோ அலையை உறிஞ்சும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் தூரம் வெட்டவெளிக் கணக்கு. தோப்பின் கடைசி வரிசையில் நின்று அமுக்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.