சிறகுக்கு முன் புல்லைப் பாருங்கள்

பிரிட்டனில் நிலையாக வாழ்பவையும் ஆண்டுதோறும் வந்து போகிறவையுமாக 59 வகை வண்ணத்துப்பூச்சிகள்தான். தமிழ்நாட்டிலோ முந்நூறுக்கும் மேல். பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகிறவர்களுக்கும் அங்கேயே குடியிருப்பவர்களுக்கும் இந்தச் சின்னக் கணக்கு ஒரு வசதி. ஒவ்வொன்றோடும் நின்று பழகலாம். பூச்சி உட்கார்ந்ததும் போனை நீட்டாதீர்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் நின்று, ஒரு கேள்வி கேளுங்கள்: இது எதை நம்பி வாழ்கிறது?

ஊர்க்காரர்

மார்ச் மாத வெயிலில் முதலில் கண்ணில் படுவது பிரிம்ஸ்டோன். ஆண் பூச்சி நல்ல கந்தக மஞ்சள். பெயருக்கும் கந்தகம் என்றுதான் பொருள். குளிர்காலம் முழுவதும் ஐவிக் கொடிக்குள் ஒடுங்கிக் கிடந்து எழுந்து வந்தது அது. உட்கார்ந்தால் சிறகை மூடிக்கொள்ளும். அப்போது குனிந்து பாருங்கள்: கூர்ந்த நுனி, இலை நரம்பு போலப் புடைத்த கோடுகள், நடுவே பழுப்பாக ஒரு பொட்டு. இலையா பூச்சியா என்று கண் தடுமாறும். அதன் புழுவுக்கு பக்தார்ன் புதரின் இலைதான் சாப்பாடு. மே மாதத்தில் அந்தப் புதரருகே காத்திருந்தால், பெண் பூச்சி தளிரில் ஒவ்வொரு முட்டையாக ஒட்டுவதைக் காணலாம்.

விருந்தாளி

பெயின்டட் லேடி நம் ஊரிலும் உண்டு. பிரிட்டனுக்கு அது தெற்கேயிருந்து, தலைமுறை தலைமுறையாகப் பெருகிப் பறந்து வருகிறது. குளிர் வந்ததும் எல்லாம் அங்கேயே மடிந்துவிடும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2009-ல் லட்சக்கணக்கில் வந்தபோது ரேடார் உண்மையைக் காட்டியது. இலையுதிர் காலத்தில் அவை 500 மீட்டருக்கும் மேலே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில், காற்றைப் பிடித்துத் தெற்கே திரும்பிக்கொண்டிருந்தன.

நெருஞ்சி போல முள் நிறைந்த திஸில் பூக்களில் இதைத் தேடுங்கள். ஜூனில் காண்பது வெளிறி, ஓரம் கிழிந்திருந்தால் கடல் தாண்டி வந்தது. ஆகஸ்டில் மெருகு குலையாமல் இருந்தால் அந்த மண்ணிலேயே பிறந்தது.

மறைந்தவர்

லார்ஜ் காப்பர் 19-ஆம் நூற்றாண்டில் போய்விட்டது. அது வாழ்ந்த சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கிவிட்டார்கள். லார்ஜ் புளூ 1979-ல் மறைந்தது. அதைக் காப்பாற்ற முயலாமல் இல்லை. சேகரிப்பவர்கள் பிடித்துப் போகாமலிருக்க ஓரிடத்தில் வேலிகூடப் போட்டார்கள். வேலி ஆடுமாடுகளையும் தடுத்தது, புல் ஓங்கியது, தரை குளிர்ந்தது, ஒருவகைச் செவ்வெறும்பு அங்கிருந்து போய்விட்டது. அந்த எறும்பு இல்லாமல் லார்ஜ் புளூ இல்லை. காட்டுத் தைம் பூவைத் தின்று வளரும் சின்னப் புழு தரையில் விழும். எறும்பு அதைத் தன் குஞ்சென்று நம்பிப் புற்றுக்குள் தூக்கிப்போகும். அங்கே பத்து மாதம் எறும்புக் குஞ்சுகளையே தின்று அது வளரும்.

ஜெர்மி தாமஸ் என்ற அறிஞர் இந்த முடிச்சை அவிழ்த்தார். 1983-ல் ஸ்வீடனிலிருந்து புழுக்கள் கொண்டுவரப்பட்டன. இன்று ஜூன் மாதத்தில் சாமர்செட்டின் காலர்ட் குன்றில் அந்த நீலத்தைப் பார்க்கலாம்.

போனால் முதலில் தரையைப் பாருங்கள். புல் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் மேய்ந்து கிடக்கும். கையை வைத்தால் வெயிலின் சூடு தெரியும். அந்தச் சூட்டில்தான் எறும்பு வாழ்கிறது. அதன் புற்றிலிருந்து ஈரச் சிறகோடு ஊர்ந்து வெளியே வருகிறது லார்ஜ் புளூ.