கணித மாணவரும் தொலைக்காட்சி ஆவணப்படமும்

காரைக்காலிலிருந்து கும்பகோணம் செல்லும் மார்க்கத்தில், பத்ரகாளியம்மன் கோயிலால் பிரசித்தி பெற்று விளங்கும் அம்பகரத்தூரில் படிக்கும் ஒரு மாணவனுக்குக் கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன் தூரதேசத்து மனிதர் அல்லர். கும்பகோணத்தில் அவர் பயின்ற டவுன் ஹைஸ்கூலும், வளர்ந்த சாரங்கபாணி சந்நிதித் தெரு வீடும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பக்கூடியவை. ஆயினும் அம்மேதையைப் பெயரளவில் அறிந்த அளவுக்கு, அவர் சிந்தித்த விதத்தை நம் பிள்ளைகள் அறிந்தாரில்லை. இக்குறையைத் தொலைக்காட்சி ஆவணப்படம் எம்மட்டும் தீர்க்கக்கூடும் என்பதே நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி கல்விப் பணியில் இறங்கியது நேற்று அன்று. 1975-ல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகளை அனுப்பிய பரிசோதனையும், 1984-ல் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய கல்லூரி ஒளிபரப்பும், 2019-ல் தமிழக அரசு ஆரம்பித்த கல்வித் தொலைக்காட்சியும் அவ்வழியில் வந்தவை. பள்ளிகள் மூடிக்கிடந்த 2020-ல் அத்தகைய ஒளிபரப்பின் பிரயோஜனத்தை ஊரே உணர்ந்தது. ஆனால் பாடம் நடத்துவது வேறு. பாடத்தின்மேல் தீராத ஆசையை உண்டாக்குவது வேறு. பின்னது ஆவணப்படத்தின் தொழில்.

ராமானுஜன் நூற்றாண்டான 1987-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக கிறிஸ்டோபர் சைக்ஸ் எடுத்த படம் இவ்வகையில் முதலில் நினைக்கத்தக்கது. மறு வருஷம் அமெரிக்காவிலும் ‘நோவா’ வரிசையில் ஒளிபரப்பான அப்படத்தில், கணவரை இழந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருந்த ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளையே காண்கிறோம். பாடப்புத்தகத்தில் வெறும் படமாக இருந்த ராமானுஜன் அப்போது ஒரு வீட்டு மனிதராகிவிடுகிறார்.

1996-ல் பி.பி.சி.யின் ‘ஹொரைசன்’ வரிசையில் சைமன் சிங் எடுத்த ஃபெர்மாவின் இறுதித் தேற்றம் பற்றிய படம் இன்னும் ஆழமானது. ஏழு வருஷம் ரகசியமாக உழைத்து, 1993-ல் நிரூபணத்தை அறிவித்து, அதில் பிழை கண்டு தவித்து, 1994 செப்டம்பரில் அதைச் சீர்செய்த ஆண்ட்ரூ வைல்ஸ், அந்தக் கணத்தை விவரிக்கப் புகுந்ததும் நாத் தழுதழுத்துப் பேச்சற்று முகம் திருப்பிக்கொள்கிறார். கணக்கு வராத காரணத்தால் தன்னை மூடன் என்று எண்ணிக்கொண்டிருக்கும் மாணவனுக்கு, தோல்வியும் காத்திருத்தலும் கணிதத்தின் சுபாவமே என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் உபதேசம் வேறில்லை.

எனினும் வியப்பு மட்டும் கணிதத்தைக் கற்றுத் தருவதில்லை. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரிக்கலாம் என்று ஒரு படம் காட்டிய இடத்தில் உபாத்தியாயர் அதை நிறுத்தி, “ஐந்தை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?” என்று கேட்டுப் பென்சிலைக் கையில் எடுக்கச் சொல்ல வேண்டும். ஏழு என்று கண்டுபிடித்து, ஆறுக்குப் பதினொன்று என்று எண்ணி முடித்த பிள்ளையிடம், நூறுக்கு 19,05,69,292 விதங்கள் உண்டு என்றும், இவ்வெண்ணிக்கைகளை அணுகிச் செல்லும் சூத்திரத்தை ராமானுஜனும் ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டியும் 1918-ல் வெளியிட்டார்கள் என்றும் சொன்னால், அந்தப் பிரமிப்பு அவனது சொந்த உழைப்பில் விளைந்ததாகும். விடையைச் சொல்லிவிடும் படத்தைக் காட்டிலும் வினாவை ஒப்படைத்துவிட்டுப் போகும் படமே உயர்ந்தது.

இப்படங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழில் பயிலும் கிராமத்துப் பிள்ளைக்கு அவை பாதி தூரமே வந்து சேர்கின்றன. ஆகையால் நம் மொழியில், நம் காவிரிக் கரையில் படம்பிடித்து, ராமானுஜனின் வறுமையை உருக்கமாகக் காட்டுவதோடு நில்லாமல் அவர் கணிதத்தையும் துணிந்து விளக்கும் படங்களை எடுப்பது நம் கல்வி ஸ்தாபனங்களின் கடமை. மொழி தடையாக நில்லாவிடில், அம்பகரத்தூர்ப் பிள்ளையும் அக்கணக்குகளோடு தானே மல்லுக்கு நிற்கத் துணிவான்.