பாஞ்சிர்

பினாங்கில் நாசி கண்டார் சாப்பிடப் போனால் நான் முதலில் பார்ப்பது பரிமாறுகிறவரின் கையைத்தான். சோற்றின் மேல் கோழிக் குழம்பு ஒரு கரண்டி, மீன் குழம்பு அரைக் கரண்டி, அதன் மேல் கருப்பாகத் திரண்ட இன்னொரு சாறு. "பாஞ்சிர்" என்று சொல்லிவிட்டால் சோறு மூழ்கும்வரை ஊற்றுவார். அளவுக் கரண்டி கிடையாது. ஆனாலும் ஒரு குழம்பு இன்னொன்றை அமுக்காது. குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும்.

தமிழ் முஸ்லிம்கள் தோள் கம்பின் இருபுறமும் சோறும் குழம்பும் தொங்க, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு இது. கேம்பல் தெருவின் ஹமீதியா நாசி கண்டார் கடை 1907இல் தொடங்கியது.

எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை என்றால் குயின் தெரு மாரியம்மன் கோயில், லிட்டில் இந்தியாவில் பூவும் வார இதழும், பிறகு நாசி கண்டார் கடை வரிசை. பெரியம்மா சைவம். அவருக்கு முதலில் வாழையிலைச் சோறு வாங்கிக் கொடுத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் தே தாரிக் தேநீரோடு காத்திருப்போம். வரிசையில் நிற்கும்போது அவர் இதழின் தொடர்கதையைச் சத்தமாகவே வாசிப்பார். முன்னால் நிற்பவர்களும் திரும்பிக் கேட்பார்கள்.