காஞ்சி மதிலும் புலவரின் மௌனமும்

குமணன்சாவடி வழியே செல்லும் நெடுஞ்சாலை பூந்தமல்லியையும் ஸ்ரீபெரும்புதூரையும் கடந்து காஞ்சியை நாடிச் செல்கின்றது. அவ்வழியே பன்முறை சென்ற நமக்கும், சாளுக்கியர் காஞ்சியை முற்றுகையிட்ட செய்தி கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ வாயிலாகவே முதலில் அறிமுகமாயிற்று. அண்மையில் நம் மாணவர் ஒருவர், புலிகேசியின் சேனை பன்மாதங்கள் கோட்டையைச் சூழ்ந்திருந்து உணவின்றி வாடியதை வரலாற்று விடையாகவே எழுதித் தந்தார். கல்கியின் எழுத்து வன்மை அத்தகையது! எனினும் புதினம் வேறு, சாசனம் வேறன்றோ?

சாசனம் ஐஹொளெயில் உள்ளது. சமணப் புலவர் இரவிகீர்த்தி கி.பி. 634-ஐ ஒட்டி, தம் வேந்தன் இரண்டாம் புலிகேசியைப் புகழ்ந்து வடமொழியில் யாத்தது. காளிதாசனுக்கும் பாரவிக்கும் தாம் நிகரெனக் கூறிக்கொள்பவர் அவர். (இதில் நம் அரபுக் கவிவாணர்களும் இளைத்தவர் அல்லர்.) சாளுக்கியப் படை எழுப்பிய புழுதியில் ஒளி மங்கிய பல்லவன் காஞ்சி மதிலுக்குள் மறைந்தான் என்கிறார். மதில் இடிந்தது, நகர் வீழ்ந்தது என்று அடுத்துப் பாடுவார் என எதிர்பார்க்கின்றோம். அவரோ காவிரிக் கரைக்குத் தாவிவிடுகின்றார்!

கி.பி. 838-இல் கலீஃபா முஃதஸிம் அம்மூரிய்யாவைக் கைப்பற்றியபோது அபூ தம்மாம் பாடிய கஸீதாவில், அந்நகரின் பெயரும் அதனை விழுங்கிய நெருப்பும் வெளிப்படையாக நிற்கின்றன. கி.பி. 642-இல் வாதாபியை வென்ற நரசிம்மவர்மன் ‘வாதாபி கொண்ட’ என்னும் விருது பூண்டான். பின்னாளில் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கொண்டபோது, அங்குள்ள கைலாசநாதர் கோயிலிலேயே கன்னடத்தில் எழுதி வைத்தான். புலிகேசிக்கு மட்டும் அத்தகைய சொல் ஒன்றும் இல்லை. புகழ்பாட வந்தவரின் மௌனமே, நகர் வீழவில்லை என்பதற்குச் சான்று.

பல்லவர் தரப்பும் முழுதாகப் பேசவில்லை. மகேந்திரவர்மன் புள்ளலூரில் முதன்மைப் பகைவரை அழித்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. பகைவர் யாரென்று கூறவில்லை. (1780-இல் திப்பு சுல்தான் பெய்லியின் படையை முறியடித்ததும் இதே புள்ளலூரில்தான்.)

இவ்விரு மௌனங்களுக்கு இடையே கல்கி கதை புனைந்தது அவருடைய உரிமை. ஆயின் சூழ்ச்சியின் உருவாக நாகநந்தி என்னும் பௌத்த பிக்ஷுவைப் படைத்ததில் நமக்கு உடன்பாடில்லை. கற்பனைப் பாத்திரம் என்பதை மறந்த வாசகர், ஒரு சமயத்தார் மீதே பழி சுமத்த ஏதுவாகின்றது. இத்தகைய பழியின் சுமையை அறியாதவர்களா நாம்?

மாணவரிடம் சாசனத்தின் கருத்தைத் தமிழில் சொன்னோம். “நாகநந்தி எந்தச் சுலோகத்தில் வருகிறார், ஹஜ்ரத்?” என்றுதான் முதலில் வினவினார்.