எல்லாம் ஊழ்தான் என்றால் பாண்டியன் ஏன் சாகணும்?

சிலப்பதிகாரத்தில் ஊழ் என்னும் கருப்பொருளை விளக்குக என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான விடைத்தாள்கள் ஒரே மாதிரிதான் வரும். கோவலன் மாதவியிடம் போனது ஊழ், மதுரைக்குப் போனது ஊழ், பொற்கொல்லனைச் சந்தித்தது ஊழ், வெட்டுப்பட்டதும் ஊழ். கதை முழுசா வந்துடும், கட்டுரை வராது. மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நான் முதலில் தயாரித்துக் கொடுத்த குறிப்பே அப்படித்தான் இருந்தது. அதைப் படித்த ஒரு மாணவிதான், "எல்லாம் ஊழ்தான்னா பாண்டியன் ஏன் டீச்சர் சாகணும்?" என்று கேட்டாள். அன்றைக்கு மணி அடித்தது எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

கருப்பொருள் கட்டுரை அப்படி ஒரு கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். விடை தேட நூலுக்குள் போங்கள்.

கொலைக்களக் காதையை எடுத்துக்கொள்வோம். ஊடல் கொண்ட கோப்பெருந்தேவி தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைத் தேற்ற விரையும் பாண்டியனின் எதிரே, அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே வந்து நிற்கிறான். அவன் பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் ஆணை பிறக்கிறது, விசாரணை இல்லை. வினை பலிக்கும் காலம் வந்தது என்று இளங்கோ இங்கே சொல்லத்தான் செய்கிறார். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. போன காவலர்கள் கோவலனைப் பார்த்துத் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் திருடர்களின் தந்திரங்களைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்கிறான். கடைசியில் வெட்டுபவன் போதையில் இருந்த கல்லாத ஒருவன். ஊழ் ஒன்றுதான் பேச்சு என்றால் இந்தத் தயக்கத்தை இளங்கோ ஏன் எழுத வேண்டும்? நின்று விசாரிக்க அங்கே இடம் இருந்தது. மாணவர்கள் தாண்டிப்போகும் இடம் இதுதான்.

வழக்குரை காதையில் அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்று தெரிந்ததும் பாண்டியன் என்ன செய்கிறான்? ஊழைக் காட்டித் தப்பப் பார்க்கவில்லை. கள்வன் தானே என்று ஒப்புக்கொண்டு உயிரை விடுகிறான். அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

இனி எதிர்வாதம். "கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வமே முற்பிறப்புக் கதையைச் சொல்கிறதே" என்பார்கள். நல்லது, அதையும் கட்டுரைக்குள் கொண்டுவாருங்கள். முற்பிறப்பில் கோவலன் பரதன் என்னும் அரச ஊழியன். சிங்கபுரத்தில் அணிகலன் விற்ற சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லி அரசனிடம் கொலையுண்ண வைக்கிறான். (சிங்கபுரம் கலிங்கத்தில் உள்ளது. நம்ம சிங்கப்பூரா என்று வருஷம் தவறாமல் யாராவது கேட்டுவிடுகிறார்கள்.) சங்கமனின் மனைவி நீலி 14 நாள் அழுது அலைந்து, சாபமிட்டு, மலையிலிருந்து விழுந்து இறக்கிறாள். கவனித்தீர்களா? அணிகலன் விற்க வந்தவன், பொய்க்குற்றம், விசாரிக்காத அரசன், நீதி கேட்கும் மனைவி. ஊழின் மூலக்கதையே விசாரிக்கப்படாத ஒரு கொலைதான்.

இப்போது கட்டுரையைக் கட்டுவது சுலபம். முன்னுரையில் இளங்கோ வரலாறு, மூன்று காண்டம், 30 காதை எல்லாம் வேண்டாம். உங்கள் நிலைப்பாட்டை எழுதுங்கள்: "சிலப்பதிகாரத்தில் ஊழ், நடந்ததற்குக் காரணம் சொல்கிறது. ஆனால் செய்தவரின் பொறுப்பை நீக்கவில்லை." ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியமும் இதன் ஒரு பகுதியை நிறுவ வேண்டும். "அடுத்ததாக, கோவலன் மதுரைக்குச் சென்றான்" என்று தொடங்கினால் கதைக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். "காவலரின் தயக்கம், கொலையைத் தவிர்க்க வாய்ப்பு இருந்ததைக் காட்டுகிறது" என்று தொடங்கிப் பாருங்கள், பத்தி தானாக நகரும். எதிர்வாதத்தை முற்பிறப்புக் கதையோடு கடைசிக்கு முந்தைய பத்தியில் வையுங்கள். அதற்கு முன்னால் வைத்தால் உங்கள் சான்றுகள் பலமிழந்துவிடும்.

கோவலனின் பங்கை நான் இங்கே தொடவில்லை. கானல்வரிப் பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் மாதவியை விட்டு எழுந்து போனவனும் அவன்தானே? அந்தப் பத்தியை நீங்களே எழுதிப் பாருங்கள்.